பொடக்காலியில ஒரு தகர டப்பா

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல மக்கா. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இன்னிக்கும் புடுங்க வேண்டிய ஆணி நிறைய பாக்கி இருக்கு. ஆனா கோவம் வந்துடுச்சு, அதான் வந்துட்டேன்.

நம்ம நண்பர் ஒருத்தர், பேர் வேணாம், நல்ல மனுஷன், போன வாரம் ஒண்ணு எழுதியிருந்தார். வீட்டுக்குப் பின்னாடி சும்மா கிடக்கிற இடத்துல ஃபேக்டரியில செஞ்ச ரெடிமேட் வீட்டை வாங்கி இறக்கிட்டா போதுமாம். ஏழே நாள். கொத்தனார் தொல்லை இல்லை, அனுமதி தேவையில்லை, பிடிக்கலைன்னா லாரியில ஏத்திட்டு வேற ஊருக்குப் போயிடலாம். படிச்ச அத்தனை பேரும் "தல, கம்பெனி நம்பர் அனுப்புங்க"ன்னு கியூவில நிக்கிறாங்க. இதுல எனக்கென்ன கோவம்னா, போன வருஷம் இதே வரிகளை ஒரு விளம்பரத் தாள்ல படிச்சு, மயங்கி, வாங்கக் கிளம்பினவன் நான். அதனால கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

அம்மா இருக்கிறது அரியூர் நாடு. கொல்லிமலை. மலை மேல ஊருக்கு முன்னாடி நாட்டைத்தான் சொல்லுவோம். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடுன்னு வரிசையா இருக்கு, அதுல எங்களுது அரியூர் நாடு. (எங்க சனம் மலையாளி பழங்குடி. "கேரளாவா?"ன்னு யாராவது கேட்டீங்கன்னா அழுதுடுவேன். எட்டு வருஷமா ஆபீஸ்ல பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு.) அப்பா போனதுக்கப்புறம் அம்மா தனி. கீழ வாங்கன்னா வரமாட்டாங்க. மிளகு இருக்கு, காப்பி இருக்கு, ரெண்டு மாடு இருக்கு. சரி, மாசத்துல பத்து நாள் நானே மேல போய் உட்கார்ந்து பொட்டி தட்டலாம்னு முடிவு பண்ணினேன். பழைய வீட்டுல ஒரே ஒரு பெரிய அறை, சமையக்கட்டு, மேல பரண். அதுல உட்கார்ந்து மீட்டிங் பேசினா மாடு கத்துறது அமெரிக்கா வரைக்கும் கேக்கும். அதனால பொடக்காலியில ஒரு ரூம். இவ்வளவுதான் தேவை.

விளம்பரம் கண்ணுல பட்டது அப்பத்தான். கீழ்நாட்டுல ஒரு கம்பெனி. பேர் சொல்ல மாட்டேன், சொன்னாலும் பிரயோஜனமில்லை, எல்லாக் கம்பெனியும் ஒரே அச்சுல வார்த்த மாதிரிதான் பேசுது. 20க்கு 10 அடி. இரும்புச் சட்டம், பஃப் பேனல் சுவர், வினைல் தரை, ஒரு கழிப்பறை, ரெண்டு ஜன்னல், வெளியில மரம் மாதிரி பெயின்ட். ஐந்தே முக்கால் லட்சம். 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. அதாவது 200 சதுர அடிக்கு ஆறே முக்கால் லட்சத்துக்கு மேல, சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 3,400 ரூபாய். அப்பவே யோசிச்சிருக்கணும். படத்துல அந்த ஜன்னலுக்கு வெளியே மூடுபனி வேற போட்டிருந்தானுங்க, யோசனை வரல.

"அஸ்திவாரம்?"னு கேட்டேன். "அது கஸ்டமர் ஸ்கோப் சார்."

"கரண்ட் கனெக்‌ஷன்?" கஸ்டமர் ஸ்கோப். "தண்ணி பைப்?" கஸ்டமர் ஸ்கோப். "கக்கூஸ் தண்ணி எங்க போகும்?" அதுவும் கஸ்டமர் ஸ்கோப். லாரி வாடகை, இறக்குற ஹைட்ரா வாடகை, வண்டி வந்து நிக்கிற அளவுக்குப் பாதை எல்லாமே நம்ம தலையில. ஒரு வெள்ளைத் தாள்ல எழுதிக் கூட்டிப் பார்த்தேன். இன்னொரு ரெண்டரை லட்சம் வந்தது. ஆகமொத்தம் ஒன்பதே கால். ஃபேக்டரியில ஏழு நாள்ல ரெடியாகிறது டப்பா. அதை வீடாக்குற வேலை முழுக்க நம்மளுது. அதுக்கு அதே கொத்தனார், அதே எலக்ட்ரீஷியன், அதே குழி தோண்டுற ஆளுதான் வரணும். கொத்தனார் தொல்லை இல்லைன்னு சொன்னவரை எனக்குக் கொஞ்சம் காட்டுங்கப்பா.

ஒப்பிட்டுப் பார்க்க ஒண்ணு சொல்றேன். தமிழ்நாடு அரசு 2024ல ஆரம்பிச்ச கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துல 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் கொடுத்தாங்க. அந்தக் காசுல முழுசா முடியாது, கைக்காசு போட்டாகணும்னு கட்டினவங்க சொல்லுவாங்க. சரி, மேல இன்னொரு மூன்றரை போடுங்க. அப்பவும் 360 சதுர அடி, அப்பவும் ஏழு லட்சம். என் டப்பா 200 சதுர அடி, ஒன்பதே கால். சீக்கிரமா வருதுன்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். விலை மலிவுன்னு சொன்னா எந்தக் கணக்குலன்னு கேப்பேன்.

இனிமேதான் காமெடி. விற்பனைத் தம்பி சைட்டைப் பத்தி விசாரிச்சார்.

"மலைப்பாதையா சார்? பரவாயில்ல. எத்தனை ஹேர்பின் இருக்கும்?"

"எழுபது."

"ஏழா சார்?"

"எழுபதுங்க. காரவள்ளியில ஆரம்பிச்சு சோளக்காடு வரைக்கும்."

லைன்ல சத்தமே இல்ல. நெட்வொர்க் போச்சுன்னு நினைச்சேன். போகல, தம்பி யோசிச்சுக்கிட்டு இருந்தார். முள்ளுக்குறிச்சி பக்கமா இன்னொரு பாதை இருக்குன்னு நானே ஆறுதல் சொன்னேன். மெயின் ரோட்டுல ஏறிட்டாலும் எங்க ஊருக்குள்ள திரும்புற இடத்துல ரெண்டு பக்கமும் பலா மரம், நடுவுல ஒரு டெம்போ போற அளவுதான் இடம். ரெண்டு நாள் கழிச்சுத் தம்பி புதுத் திட்டத்தோட வந்தார். டப்பாவா வராது, பிரிச்சு எடுத்துட்டு வந்து அங்கயே பொருத்திடலாம். அதுக்கு எக்ஸ்ட்ரா எழுபதாயிரம். "வளைவுக்கு ஆயிரமா தம்பி?"ன்னு கேட்டேன், சிரிக்கல. நம்ம ஊர் வெல்டர் ரெண்டு பேரை ஏற்பாடு பண்ணித் தர முடியுமான்னும் கேட்டார். ஃபேக்டரி வீட்டை மலை மேல இருக்கிற எங்க வெல்டர் பொருத்துவாராம், அதுக்கு நான் ஃபேக்டரிக்கு ஏழு லட்சம் கொடுக்கணுமாம். இதுக்குப் பேரு ப்ரீஃபேப்.

இவ்வளவு ஆன பிறகும் நான் விடல பாருங்க. மூடுபனி ஜன்னல் மயக்கம் அப்படி. அம்மாகிட்ட மொபைல்ல படம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாங்க.

"செவுத்துல ஆணி அடிக்கலாமா கண்ணு?"

"ஆணியா? எதுக்கும்மா?"

"உங்கப்பா படம் மாட்ட வேணாமா? காலண்டரு? ஒரு முறம் மாட்டி வைக்கணும்னா?"

தம்பிகிட்ட கேட்டேன். பேனல்ல ஆணி அடிச்சா தகட்டுல ஓட்டை விழும், ஈரம் இறங்கும், வாரண்டி போயிடும்னார். ஒட்டுற கொக்கி இருக்காம், ரெண்டு கிலோ தாங்குமாம். அப்பா ஃப்ரேம் மூணு கிலோ இருக்கும்.

அடுத்த கேள்வி அடுப்பு. நான் இல்லாத இருபது நாள் அந்த ரூம்ல அம்மா மழைக்காலத்துல அடுப்பு வச்சுக்கலாமான்னு கேட்டாங்க. பஃப்ன்னா பாலியூரித்தேன் நுரை, ரெண்டு தகட்டுக்கு நடுவுல அடைச்சது. தீப்பிடிச்சா அது விடுற புகையில கார்பன் மோனாக்சைடோட ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். விறகடுப்பைப் பக்கத்துலயே கொண்டுவரக் கூடாது. பழைய வீட்டுல அடுப்புப் புகை மேல ஏறிப் பரண்ல இருக்கிற சாமை, தினை, விதைச் சோளம் எல்லாத்தையும் பூச்சி அண்டாம காப்பாத்துது. அந்த வீட்டுல புகையும் ஒரு வேலை செய்யுது. புது டப்பாவுல புகை வந்தா ஆளே காலி.

இந்த இடத்துல எஞ்சினியர் தோழர்கள் கொடி பிடிச்சுட்டு வருவீங்கன்னு தெரியும். சரி, நியாயமா பேசுவோம். வெப்பத்தைத் தடுக்கிறதுல பஃப்ப அடிச்சுக்க முடியாது. 50 மில்லிமீட்டர் பஃப் தடுக்கிற வெப்பத்தை மண்சுவர் தடுக்கணும்னா ஒரு மீட்டருக்கு மேல தடிமன் வேணும். ஒத்துக்கிறேன். ஆனா சுவர்ங்கிறது பேனல் மட்டும் இல்லையே. பேனல் பேனலா சேர்ற இணைப்பு, அதைத் தாங்குற இரும்புச் சட்டம், ஜன்னல் ஓரம், கூரை போல்ட் இதெல்லாம் சேர்ந்துதான் சுவர். இரும்பு குளிரை அப்படியே உள்ள கடத்தும். கொல்லிமலை ராத்திரியில வெளியே பனி, உள்ளே ஒரு ஆள் மூச்சு விட்டுத் தூங்குறார், குளிக்கிறார், காப்பி போடுறார். அந்த ஈரம் எங்க போகும்? சட்டத்துல, மூலையில முத்து முத்தா வேர்க்கும். அங்கதான் துரு ஆரம்பிக்கும், அங்கதான் பூஞ்சை ஆரம்பிக்கும். மண்சுவர் ஈரத்தைக் கொஞ்சம் குடிச்சு வெயில் வந்ததும் விட்டுடும், தகடு குடிக்காது. இன்னொண்ணு, கனமான சுவர் பகல் சூட்டை வாங்கி வச்சுக்கிட்டு ராத்திரி மெதுவா விடும். லேசான டப்பா, வெயில் பட்டா அரை மணியில அடுப்பு, வெயில் போனா அரை மணியில ஃப்ரிட்ஜ். "ஏ.சி. போட்டுக்கங்க சார்"னார் தம்பி. கொல்லிமலையில ஏ.சி.!! மழை பெய்யும்போது தகரக் கூரைக்குக் கீழ மீட்டிங் பேசுற கதையை நான் எழுதவே வேணாம், நீங்களே நினைச்சுப் பாருங்க.

நிற்க.

அம்மா கேட்ட அடுப்புக் கேள்வியை எங்க அம்மா மட்டும் கேக்கல. எங்களுக்கு முன்னாடியே ஒரு பெரிய கூட்டம் கேட்டுச்சு, ஒரு அரசாங்கத்தையே கேட்டுச்சு. அந்தக் கதை நம்ம பக்கத்துல பலருக்கு மறந்துபோச்சு, அதனால விரிவாவே சொல்றேன்.

போர் முடிஞ்ச இலங்கையில, வடக்கு கிழக்குல வீடிழந்த குடும்பங்களுக்கு 65,000 வீடு கட்டித் தரப் போறோம்னு 2015-16ல கொழும்பு அரசு அறிவிச்சது. கல்வீடு இல்ல, இரும்புல செஞ்ச ரெடிமேட் வீடு. ஆர்சலர் மிட்டல் கம்பெனி செஞ்சு கொண்டுவந்து பொருத்தித் தரும். அங்க பத்திரிகைகள்ல அதுக்கு வச்ச பேரு "பொருத்து வீடு". என்ன அருமையான தமிழ் பாருங்க, நாம இன்னும் மாடுலர், ப்ரீஃபேப்னு நாக்கைச் சுழட்டிக்கிட்டு இருக்கோம். ஒரு வீட்டுக்கு 21 லட்சம் இலங்கை ரூபாய். சூரிய மின்தகடு, தொலைக்காட்சி, மேசை நாற்காலி எல்லாம் சேர்த்துன்னு விளக்கம். அதே காலத்துல அதே அமைச்சு கல்வீட்டுக்குக் கொடுத்துட்டு இருந்தது 8 லட்சம். கணக்கு தெரிஞ்ச எல்லாரும் கேட்டாங்க, ஒரு பொருத்து வீட்டுக் காசுல ரெண்டு கல்வீடு கட்டிட்டு மிச்சமும் வருமேன்னு.

எதிர்ப்பு பணத்தோட நிக்கல. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எதிர்த்தது, சுமந்திரன் வெளிப்படையாவே எதிர்த்தார், பொறியியல் ஆட்கள் மாதிரி வீடுகளைப் போய்ப் பார்த்துட்டுக் குறை சொன்னாங்க. அத்திவாரம் போதாது, காத்தோட்டம் போதாது, அந்த வெயிலுக்கு ஒத்துவராது, கடலோரக் காத்துல இரும்பு எத்தனை வருஷம் தாங்கும், விறகுல சமைக்கிற சனத்துக்குப் புகைபோக்கியோட அடுப்படி எங்கே? எல்லாத்தையும் விட முக்கியமான கேள்வி ஒண்ணு வந்தது. கல்வீடு கட்டினா அந்தக் காசு ஊர் மேசன், ஊர் தச்சர், கல்லறுக்கிறவன் கைக்குப் போகும். போர்ல எல்லாம் போன ஊருக்கு வீடு எவ்வளவு முக்கியமோ அந்தக் கூலியும் அவ்வளவு முக்கியம். இரும்பு வெளிய இருந்து வந்தா காசும் வெளிய போயிடும். அப்புறம் அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு தகடு பிஞ்சா யாரைக் கூப்பிடுவாங்க?

பக்கத்துலயே ஒப்பிட்டுப் பார்க்க உதாரணமும் இருந்தது. இந்திய வீட்டுத் திட்டம், மொத்தம் 50,000 வீடு. பெரும்பகுதி வடக்கு கிழக்குல, வீட்டுக்காரர் கையிலயே தவணை தவணையா 5.5 லட்சம் இலங்கை ரூபாய் கொடுத்து அவங்களையே கட்டச் சொன்னாங்க. 2012 அக்டோபர் 2ல பெரிய அளவுல தொடங்கிச்சு. காசு போதல, கடன் பட்டோம்னு புலம்பல்கள் இருந்தது, அதையும் மறைக்க வேணாம். ஆனா வீடு எழும்பிச்சு. வீட்டுக்காரங்களுக்கு எந்தச் சுவர்ல எத்தனை மூட்டை சிமென்ட் போச்சுன்னு தெரியும். பொருத்து வீட்டுத் திட்டமோ 65,000ல ஆரம்பிச்சு, 2017ல 6,000னு சுருங்கி, கடைசியில அரசாங்கமே கல்வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டியதாச்சு. ஓசியில வர்ற வீட்டையே வேணாம்னு சொன்ன சனம். நாம காசு கொடுத்து வாங்க கியூவில நிக்கிறோம், அவ்வ்வ்வ்.

இல்லாதவனுக்கு அவசரத்துக்குக் கொடுக்கிற வீடு வேற கதைன்னு ஒருத்தர் சொல்லலாம். சொல்லுங்க. 2004 சுனாமிக்கப்புறம் நம்ம கடலோரத்துல தார் அட்டை வச்சு வரிசையா தற்காலிகக் குடில் போட்டாங்களே, ஞாபகம் இருக்கா? சித்திரை வெயில்ல அதுக்குள்ள பகல்ல யாராலும் உட்கார முடியல. "தற்காலிகம்"னு சொன்னதுல பல குடும்பங்கள் வருஷக்கணக்கா கிடந்தாங்க.

இன்னும் பின்னால போனா டெல்லி. பிரிவினையில வந்த அகதிகளுக்காக 1948ல அரசாங்கமே ஒரு வீட்டுத் தொழிற்சாலை ஆரம்பிச்சது. பின்னணியில ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர், ஹிட்லர் காலத்து ஜெர்மனியை விட்டு வெளியேறி மைசூர் சமஸ்தானத்துல வேலை பார்த்த கட்டடக் கலைஞர், பெரிய மூளை. நுரைக் கான்கிரீட்ல சுவர்ப் பலகை வார்த்து, கொண்டுபோய்ப் பொருத்தணும். பலகைகள் விரிசல் விட்டுச்சு. திட்டம் நினைச்சபடி நடக்கல, 1951ல அவர் நாட்டை விட்டே கிளம்பினார். தொழிற்சாலை மட்டும் பேரு மாறி மாறி 1978ல ஹிந்துஸ்தான் ப்ரீஃபேப்னு ஆச்சு. நல்ல மூளையும் அரசாங்கப் பணமும் சேர்ந்தே தடுமாறின இடத்துல, விளம்பரத் தாள் தம்பி "நோ இஷ்யூ சார்"ங்கிறார்.

அரசாங்கம்னா அப்படித்தான், தனியார்னா வேறன்னு சொல்றவங்க நம்ம கிருஷ்ணகிரியைப் பாருங்க. கெஃப் இன்ஃப்ரான்னு ஒரு கம்பெனி, அங்க பெரிய ப்ரீஃபேப் தொழிற்சாலை வச்சிருந்தது. பெங்களூர்ல 2017ல திறந்த இந்திரா கேன்டீன்களை அவங்கதான் அச்சுல வார்த்துக் கொடுத்தாங்க. நான் அதுல இட்லி சாப்பிட்டிருக்கேன், கட்டடம் நல்லாத்தான் இருந்தது. 2018ல அமெரிக்காவோட கட்டெரா கம்பெனியோட இணைஞ்சுது. கட்டெரா யாரு? கட்டட வேலையை சாஃப்ட்வேர் மாதிரி மாத்திக் காட்டுறேன்னு 2015ல கிளம்பி, சாஃப்ட்பேங்க் உள்ளிட்ட ஆட்கள்கிட்ட சுமார் 200 கோடி டாலர் வாங்கின கம்பெனி. 2021 ஜூன்ல திவால். 200 கோடி டாலர் போட்ட கம்பெனியே ஆறு வருஷம்தான். உங்க பொடக்காலி டப்பாவுக்குப் பத்து வருஷ வாரண்டி கொடுக்கிற கம்பெனி பத்தாவது வருஷம் எங்க இருக்கும்? அந்தப் பேனலோட இன்டர்லாக் அளவு அவங்க அச்சுக்கு மட்டும்தான் பொருந்தும். ஓடு உடைஞ்சா எந்த ஊர்லயும் ஓடு கிடைக்கும், இந்த பேனல் உடைஞ்சா?

ப்ரீஃபேப்பே மோசம்னு நான் சொல்ல வர்றதா நினைச்சீங்கன்னா பதிவைத் திரும்ப முதல்லருந்து படிங்க. சென்னை பெரும்பாக்கத்துல 2021 ஜனவரி 1ல அடிக்கல் நாட்டி 2022 மே 26ல திறந்தாங்களே, லைட் ஹவுஸ் திட்டம், அது ப்ரீகாஸ்ட் கான்கிரீட். 1,152 வீடு. எல்லாம் ஒரே அச்சு. அச்சு செய்யிற செலவு 1,152 வீட்டுக்குப் பங்கு போகுது, கிரேன் ஒரு தடவை வந்தா மாசக்கணக்கா நின்னு வேலை பார்க்குது, ரோடு இருக்கு. ஃபேக்டரிங்கிற சமாச்சாரத்துக்கு அர்த்தமே அங்கதான். நம்ம பாஷையில சொன்னா, ஆயிரம் தடவை ஓடப் போற வேலைக்கு ஆட்டோமேஷன் எழுதலாம். ஒரே ஒரு தடவை செய்யப் போற வேலைக்கு எவனாவது எழுதுவானா? என் பொடக்காலியில ஒரே ஒரு ரூம்.

கலிஃபோர்னியாவுல எல்லாரும் வைக்கிறாங்களேன்னு நண்பர் எழுதியிருந்தார். வைக்கிறாங்க, மறுக்கல. 2017லருந்து அங்க சட்டத்தைத் தளர்த்திட்டாங்க, பின்பக்கம் சின்ன வீடு வச்சுக்கலாம்னு. அங்க தச்சர் கூலி நம்ம சம்பளத்தை விட ஜாஸ்தி, அதனால ஃபேக்டரியில செஞ்சா மிச்சம். சரக்கு வர எட்டு வழிச்சாலை இருக்கு. அந்தக் கணக்கு அந்த ஊர்ல சரி. அமெரிக்காவுலயே இன்னொரு கதை இருக்கு, அதை யாரும் சொல்றதில்லை. 1908லருந்து 1940 வரைக்கும் சியர்ஸ் கம்பெனி தபால்ல வீடு வித்தது. கேட்லாக்ல பார்த்து ஆர்டர் கொடுத்தா மரம், ஆணி, கதவு, பெயின்ட் எல்லாம் அளவா அறுத்து ரயில்ல வரும், கூடவே ஒரு கையேடு. 70,000க்கு மேல வித்ததா சொல்றாங்க, அதுல நிறைய வீடு இன்னிக்கும் நிக்குது. ஏன் நின்னுச்சு? வந்தது ஊர்த் தச்சனுக்குப் பழக்கமான அதே மரச்சட்டம், அதே ஆணி. அம்பது வருஷம் கழிச்சு ஒரு கட்டை உளுத்தா பக்கத்து மரக்கடையில வாங்கி அறுத்துப் போட்டுக்கலாம். ரிப்பேர் அந்த ஊர்க்காரன் கைக்குள்ள இருந்தது. என் சண்டை இந்த ஒரு விஷயத்துலதான். எங்க செஞ்ச வீடா இருந்தாலும் சரி, அது ஒழுகினா எங்க ஊர் ஆள் ஏறிப் பார்த்துச் சரி பண்ண முடியணும். முடியலைன்னா அது என் வீடு இல்லை, அந்தக் கம்பெனியோட வீடு, நான் குடியிருக்கேன் அவ்வளவுதான்.

அனுமதி வேணாம்ங்கிற புளுகைப் பத்திச் சுருக்கமா. மனுஷன் குடியிருந்தா அது கட்டடம். கல்லா, தகரமா, பிளாஸ்டிக்கான்னு சட்டம் பார்க்காது. ஊராட்சியில கேக்கணும். மலைப்பகுதிப் பாதுகாப்புப் பட்டியல்ல இருக்கிற கிராமம்னா இன்னும் அதிகமாவே கேக்கணும். "சக்கரம் வச்சுட்டா வண்டி சார்"னு ஒரு யோசனை வந்தது பாருங்க தம்பிகிட்ட இருந்து, நான் போனை வச்சுட்டேன். அப்புறம் "தூக்கிட்டுப் போகலாம்". எந்த ஹைட்ரா வந்து தூக்கும்? வரவே முடியாத பொருள் திரும்பிப் போறது எப்படி? வங்கியில கேட்டேன், வீட்டுக் கடன் தர மாட்டாங்களாம், நகர்த்தக்கூடிய பொருளாம், பர்சனல் லோன் வேணா வாங்கிக்கங்கன்னாங்க. அதாவது வரி போடும்போது அது கட்டடம், கடன் கேட்டா அது சாமான்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இதுல உள்குத்து இருக்கு, நேராவே குத்துறேன். மலை மேல இப்ப இந்த டப்பாவை வாங்கி வைக்கிறவங்க அங்க குடியிருக்கிறவங்க இல்லை. வார இறுதிக்கு வாடகைக்கு விடுறவங்க. மிளகுக் கொடி ஏறின மரத்தை வெட்டிச் சமப்படுத்தி, வரிசையா நாலு கேபின், வாசல்ல ஒரு ஊஞ்சல், "இயற்கையோடு வாழுங்கள்"னு ஒரு போர்டு. கழிவுத்தண்ணி எங்க போகுதுன்னு கேட்டா அதே பதில்தான் வரும். கஸ்டமர் ஸ்கோப். அந்தக் கஸ்டமர் ஞாயித்துக்கிழமை சாயந்தரம் எழுபது வளைவு இறங்கிப் போயிடுவார். தண்ணி சரிவுல இறங்கும், சரிவுக்குக் கீழ ஊத்து, ஊத்துல குடம் வச்சுக்கிட்டு எங்க அத்தை. மலை மேல வீடு கட்ட வேணாம்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை, நானே கட்டப் போறவன். ஆனா ஒரு கொத்தனாரை ஊருக்குள்ள கூட்டிட்டு வந்தா ஊர் நாலு கேள்வி கேக்கும். "அங்க தோண்டாத, அது தண்ணி வர்ற வழி"ன்னு சொல்லும். ராத்திரி லாரியில வந்து விடியறதுக்குள்ள நிக்கிற டப்பாவை யாரும் எதுவும் கேக்க முடியறதில்லை. ஏழு நாள்ல முடியுதுன்னு பெருமையா சொல்றீங்களே, அதுல ஊரோட பேசுறதுக்கு எத்தனை நாள் வச்சிருக்கீங்க?

சரி, என் கதை என்னாச்சுன்னு கேப்பீங்க. கம்பெனிக்குக் கொடுத்த முன்பணம் 25,000ல 15,000 திரும்பி வந்தது, மீதி "டிசைன் சார்ஜ்". ஒரு செவ்வகத்துக்கு டிசைன் சார்ஜ் பத்தாயிரம், நானும் பொட்டி தட்டற தொழில மாத்திக்கலாம்னு இருக்கேன். அப்புறம் மாமா முறையில ஒரு கொத்தனார் இருக்கார், கொல்லிமலையில பாதி வீட்டுச் சுவர் அவர் கைதான்னு அவரே சொல்லுவார். அவரைக் கூட்டிட்டுப் போய் இடத்தைக் காட்டினேன். நான் டப்பா வைக்க நினைச்ச இடத்துல காலால தட்டிப் பார்த்தார்.

"இங்க வேணாம் மாப்ள. ஐப்பசியில இந்த மண்ணு ஊறும். அந்தப் பலா மரத்துக்கு அந்தாண்ட தள்ளிக்கலாம்."

கம்பெனிக்காரன் என் இடத்தை சாட்டிலைட் படத்துல பார்த்து "பெர்ஃபெக்ட் சைட் சார்"னு சொன்ன இடம் அது.

கருங்கல் கடைக்கால், ஹாலோ பிளாக் சுவர், மேல ஓடு, ஓட்டுக்குக் கீழ சூடு இறங்காம இருக்கப் பலகை அடிப்பு. 14க்கு 14 அடி. மாமா சொன்ன கணக்கு அஞ்சரை லட்சம். அதை ஆறரைன்னே வச்சுக்கங்க, எஸ்டிமேட்டை நம்பாதன்னு என் தொழில்லயே கத்துக்கிட்டேன். ஏழு நாள்ல முடியாது. மழை விட்டாத்தான் ஆரம்பிப்பேன்கிறார், கல்யாண சீசன்ல வரமாட்டேன்கிறார், திருவிழாவுக்குப் பத்து நாள் லீவுங்கிறார். நாலு மாசம்னு சொல்லியிருக்கார், நான் மனசுக்குள்ள ஏழுன்னு எழுதி வச்சிருக்கேன். கடைக்கால் முடிஞ்சது, கல்லு இறக்கியாச்சு. அம்மா ஆணி வாங்கி வச்சுட்டாங்க, நாலு இஞ்ச், அரைக் கிலோ.

டிஸ்கி: கம்பெனி பேர் கேட்டுத் தனிமடல் போடாதீங்க, சொல்ல மாட்டேன். கொத்தனார் மாமா நம்பர் கேட்டாலும் தரமாட்டேன், என் வேலை முடியற வரைக்கும் அவரை யாரும் கிளப்பிட்டுப் போயிடக் கூடாது :-)